ஆஃப்ரோடு கேரவன் வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், டெர்பியிலிருந்து குனுனுர்ரா பக்கம் போகும் கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர் நீளம். மாடுகளை லாரியில் ஏற்றிப் போவதற்காகப் போட்ட சாலை அது. இன்றும் அதில் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். மழைக்காலம் ஓய்ந்து சாலையைத் திறந்துவிட்டால் போதும், காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். இப்படி மண் சாலைக்கென்று செய்ததுதான் ஆஃப்ரோடு கேரவன். இது சினிமா படப்பிடிப்பில் நிற்கும் கேரவன் இல்லை. சொந்த எஞ்சின் கிடையாது, கார்தான் இழுக்க வேண்டும். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, சிலவற்றில் வாஷிங் மெஷின் வரை இருக்கும்.

இதை வாங்கப் போகிறவர்கள் நேராகக் கதவைத் திறந்து உள்ளே ஏறிவிடுவார்கள். மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள், அலமாரியைத் திறந்து மூடுவார்கள். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த அலமாரிக் கதவு ஆயிரம் கிலோமீட்டர் கழித்தும் அதன் இடத்தில் நிற்குமா, படுக்கையில் செம்மண் படியாமல் இருக்குமா என்பதைத் தீர்மானிப்பவை தரைக்கு அடியில் இருக்கின்றன. மண் சாலையில் சொகுசு என்பது அதிர்வையும் எடையையும் அடக்கியாள்வதுதான்.

முதலில் சாலையைப் பார்ப்போம். மண் சாலைகளில் குறுக்குவாட்டில், ஏறக்குறைய சம இடைவெளியில், சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக உருவாகும். ஆஸ்திரேலியர்கள் இதைக் கொருகேஷன் என்பார்கள். நாம் வரிமேடு என்று வைத்துக்கொள்வோம். கனரக லாரிகள் உருவாக்குவது, மோசமான ஸ்பிரிங் உள்ள வண்டிகள் உருவாக்குவது என்றெல்லாம் சொல்வதுண்டு. 2007இல் டொராண்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட இயற்பியலாளர் குழு ஒன்று, சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்தது. சக்கரத்தில் ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும் வரிமேடு வந்தது. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் மேடுகள் தானாக எழுந்தன. சிறிய மேட்டில் ஏறும் சக்கரம் துள்ளி விழும். விழுந்த இடத்தில் மணலைக் குழித்து முன்னால் தள்ளும். அங்கே அடுத்த மேடு பிறக்கும். அந்த வேக வரம்பு மிகவும் குறைவு. யாரும் அவ்வளவு மெதுவாக ஓட்டப் போவதில்லை. ஆகவே மண் சாலை இருக்கும்வரை வரிமேடும் இருக்கும். வண்டிதான் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மேட்டுக்கு மேடு 80 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் போனால் ஒவ்வொரு சக்கரமும் வினாடிக்குச் சுமார் 14 முறை அடி வாங்கும். 80 கி.மீ. வேகத்தில் சுமார் 28 முறை. ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கேரவன் உடல் இயல்பாக வினாடிக்கு ஒன்றிரண்டு முறைதான் ஆடும். ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், பிரேக், அச்சு ஆகியவை தாமாகத் துள்ளும் அதிர்வெண், வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து வரை. சாலை கொடுக்கும் 14 அடியும் இந்தத் துள்ளலும் ஒத்துப்போனால் ஒத்ததிர்வு. வண்டி பல் கிட்டும்படி நடுங்கும்.

மண் சாலையில் பழகியவர்கள் "80இல் போ, மிதக்கும்" என்று சொல்வது இதனால்தான். அதில் பாதி உண்மை. அந்த வேகத்தில் சாலையின் அடி ஒத்ததிர்வைத் தாண்டிவிடுகிறது. சக்கரம் ஒவ்வொரு குழியிலும் இறங்க நேரமில்லாமல் மேட்டு நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பவர்களுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தரையை முழுசாகத் தொடாத சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? வளைவிலோ, குறுக்கே மாடு வந்து பிரேக் போடும்போதோ மூன்று டன் கேரவன் காரைத் தள்ளிக்கொண்டு போகும். வேகத்தை நம்பி அதிர்விலிருந்து தப்பிக்க நினைப்பதைவிட, மெதுவாகப் போனாலும் அதிர்வை விழுங்கும் அடிப்பாகத்தை வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

அந்த விழுங்கும் வேலையில் முதல் ஆள் டயர். தார்ச்சாலைக்கு 45 பிஎஸ்ஐ வைத்திருந்தால், வரிமேட்டில் 30 பக்கம் இறக்கிவிடலாம். டயர் நசுங்கி, தரையைத் தொடும் பரப்பு நீளும். டயரே மென்மையான ஸ்பிரிங் ஆகி, கூர்மையான அடிகளைச் சஸ்பென்ஷனுக்கு அனுப்பாமல் தானே வாங்கிக்கொள்ளும். காசு செலவில்லாத சொகுசு இது. ஒரே நிபந்தனை, காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளைந்து நெளிந்து சூடாகும். ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும், தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும். கேரவன் சக்கரமும் கார் சக்கரமும் ஒரே அளவு, ஒரே போல்ட் அமைப்பு என்று இருந்தால், ஒன்றின் ஸ்டெப்னி இன்னொன்றுக்கு உதவும்.

அடுத்தது சஸ்பென்ஷன். மலிவான கேரவன்களில் இடச் சக்கரமும் வலச் சக்கரமும் ஒரே அச்சில், பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். எளிமையானது, உடைந்தால் சிற்றூரில்கூட ரிப்பேர் செய்துவிடலாம். ஆனால் ஒரு பக்கம் குழியில் இறங்கினால் மறு பக்கமும் அதை உணரும். நல்ல ஆஃப்ரோடு கேரவன்களில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் கை, தனிச் சுருள் ஸ்பிரிங் அல்லது காற்றுப்பை இருக்கும். கூடவே ஷாக் அப்சார்பர், பல வண்டிகளில் சக்கரத்துக்கு இரண்டு.

ஷாக் அப்சார்பரை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உண்மையில் வேலை செய்வது அதுதான். ஸ்பிரிங் அடியை வாங்கும், ஆனால் உடனே திருப்பிக் கொடுத்துவிடும். அந்த ஆற்றலை ஒழிப்பது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், சின்னத் துளைகள் கொண்ட பிஸ்டன். எண்ணெய் துளை வழியே நெருக்கியடித்துப் போகும்போது அசைவு வெப்பமாக மாறும். 100 கிலோமீட்டர் வரிமேட்டில் ஒரு சக்கரம் 1,25,000 முறை இந்த வேலையைச் செய்கிறது. எண்ணெய் சூடாகச் சூடாக இளகும், அடக்கும் திறன் குறையும். கடைசியில் சீல் போய் எண்ணெய் கசியும். சக்கரத்துக்கு இரண்டு வைப்பது அந்தச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளத்தான். வண்டியை நிறுத்தியதும் தொடாமலே வெப்பம் காட்டும் தெர்மாமீட்டரை ஒவ்வொன்றின் மேலும் காட்டிப் பாருங்கள். மற்றவை கொதிக்கும்போது ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவையும் தாண்டி மேலே வரும் அதிர்வை உடல்கூடு தாங்க வேண்டும். மரச்சட்டம், அலுமினியச் சட்டம், நுரையை நடுவில் வைத்து இரு பக்கமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டிய பலகை என மூன்று வகை உண்டு. அலுமினியத்தை எஃகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் குறைவான விசையில் எத்தனை முறை வளைத்தாலும் விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. சின்ன விசையானாலும் எண்ணிக்கை போதுமான அளவு சேர்ந்தால் ஒருநாள் கீறும். அலுமினியம் கூடாது என்பதல்ல. மூலைகளும் பற்றவைப்புகளும் எப்படி வலுவூட்டப்பட்டிருக்கின்றன என்று கேட்க வேண்டும். விசையை ஆணி முனைகளில் குவிக்காமல் பரப்பு முழுக்கப் பகிரும் அந்த நுரைப்பலகைதான் எனக்குப் பிடித்தது. விலைதான் அதிகம்.

அப்புறம் எடை. கேரவன் தகட்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று காலி எடை. மற்றது ஏற்றிய பிறகு இருக்கக்கூடிய உச்ச எடை, அங்கே அதை ஏடிஎம் என்பார்கள். 2,700 கிலோ காலி, 3,200 உச்சம் என்றால் 500 கிலோ ஏற்றலாம். நிறையவே இருக்கிறது என்று தோன்றும். 95 லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பினால் 190 கிலோ போய்விட்டது. கேஸ் சிலிண்டர், பின்னர் மாட்டிய பேட்டரி, பந்தல், கருவிப்பெட்டி எல்லாம் கழித்தால், துணிமணிக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே பணம் கொடுக்கும் முன் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்றுவது எங்கே என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். ஏற்றிய எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிமேல் அழுத்த வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவான விதி. அது குறைந்தால் கேரவன் இடமும் வலமும் ஊசலாடி வால் ஆட்ட ஆரம்பிக்கும். தண்ணீர்த் தொட்டி ஒன்று அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது, கொக்கியிலிருந்து அச்சு வரை 5 மீட்டர் என்று கொள்ளுங்கள். 95 லிட்டரும் தீர்ந்தால் கொக்கியின் மேல் சுமார் 28 கிலோ குறைந்துவிடும். குளித்து முடித்த கேரவனும் குளிக்காத கேரவனும் சாலையில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்! தொட்டிகளை அச்சுக்கு மிக அருகில் வைத்திருக்கும் வடிவமைப்பாளர் விஷயம் தெரிந்தவர்.

வால் ஆட்டத்துக்கு இன்னொரு காரணம், சுமை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. நீண்ட மூங்கிலின் இரு முனையிலும் குடம் கட்டிச் சுமப்பவர் சட்டென்று திரும்பவும் முடியாது, திரும்ப ஆரம்பித்தால் சட்டென்று நிற்கவும் முடியாது. அந்த மந்தம் தூரத்தின் வர்க்கமாக ஏறும். 40 கிலோ கருவிப்பெட்டியை அச்சிலிருந்து அரை மீட்டரில் வைப்பதற்கும், பின்புற பம்பரில் 3 மீட்டர் தள்ளித் தொங்கவிடுவதற்கும் 36 மடங்கு வித்தியாசம். பின்னால் இரண்டு ஸ்டெப்னி, சைக்கிள், ஜெர்ரி கேன் எல்லாம் மாட்டிய கேரவன் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் பயம்தான்.

தூசிக்கு வருவோம். ஓடும் கேரவனைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாய்வதால், உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறைந்துவிடும். செம்மண் மேகமோ வெளியே. எங்கே மயிர்க்கீற்று இடுக்கு இருந்தாலும் உறிஞ்சிவிடும். எவ்வளவு ரப்பர் ஒட்டினாலும் இது முழுசாக நிற்காது. சரியான வழி, உள்ளழுத்தத்தை உயர்த்துவது. கூரையில் முன்னோக்கித் திறந்த, வடிகட்டி வைத்த ஒரு வாய் வழியாக, தூசி குறைந்த மேல்காற்றை வண்டியின் வேகமே உள்ளே தள்ளும். அப்போது இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் போகும்.

தூசி வரும் இன்னொரு வழி, கேஸ் அடுப்புக்காகத் தரையோரம் வைக்கும் திறப்பு. எல்பிஜி காற்றைவிட கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். அது வெளியேறத்தான் அந்தத் திறப்பு. சிலர் தூசிக்குப் பயந்து அதை டேப் போட்டு அடைத்துவிட்டு, முகாமில் பிரிக்க மறந்து அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இண்டக்ஷன் அடுப்போ டீசல் அடுப்போ வைத்து, கேஸே இல்லாமல் செய்துவிட்டால் அந்தத் திறப்பே தேவைப்படாது.

நன்றாக அடைத்த பெட்டிக்கு ஆற்றில் ஒரு புதுச் சிக்கல் உண்டு. கிப் ரிவர் சாலையில் பென்டகோஸ்ட் ஆற்றை நீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலமுள்ள கேரவனின் தரைக்கு மேல் 25 செ.மீ. தண்ணீர் ஏறினால், அது இடம்பெயர்க்கும் நீரின் எடை 3 டன். அதாவது மூன்று டன் கேரவன் மிதக்கும், ஓட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளும். எஞ்சினுக்குள் தண்ணீர் போகுமா என்று மட்டும் யோசிக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தரை மட்டத்தைத் தொடும் ஆழமென்றால் காத்திருப்பதுதான் வழி. அந்த ஆற்றில் முதலைகள் உண்டு, ஆகவே இறங்கி நடந்து ஆழம் பார்க்கவும் கூடாது.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 வோல்ட், 200 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி சுமார் இரண்டரை யூனிட் தரும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம் போதும். ஏசி ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் காலி. அதே அளவு மின்சாரத்துக்கு ஈய பேட்டரியைவிட லித்தியம் பல மடங்கு எடை குறைவு. மேலே பார்த்த எடைக் கணக்கில் இதுதான் நல்ல சேமிப்பு. ஒரு எச்சரிக்கை: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. நாட்டின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஜூலை இரவுகள் (அங்கே அது குளிர்காலம்) அந்த அளவுக்குக் குளிரும். பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல் உள்ளே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எவ்வளவு பெரிதாக வாங்குவது? பெரிய கார்கள் பல 3,500 கிலோ வரை இழுக்கும் என்று சொல்லியிருப்பதால், அந்த எல்லை வரை போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு சோபாவைக் குறைத்துக்கொண்டு ஒற்றை அச்சுக் கேரவனாகப் பார்க்கச் சொல்வேன். உலகப் பாரம்பரியச் சின்னமான புர்னுலுலு தேசியப் பூங்காவுக்குள் நுழையும் 53 கிலோமீட்டர் பாதையில், இரட்டை அச்சுக் கேரவன்களுக்கு அனுமதியே இல்லை. ஒற்றை அச்சு கொண்ட, உறுதியான ஆஃப்ரோடு டிரெய்லர்களை மட்டுமே விடுவார்கள். பெரிய கேரவனோடு வந்தவர்கள் அதை நெடுஞ்சாலைப் பக்கத்து முகாமில் நிறுத்திவிட்டு, காரில் கூடாரத்தோடு உள்ளே போகிறார்கள். எந்தச் சாலைகளில் போக ஆசை என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதி, அந்தச் சாலைகளின் விதிகளைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், அங்கே நிற்கும் வண்டிகளில் பாதி உங்களுக்கானவை இல்லை என்பது தெரிந்துவிடும்.