நெட் பில் காசு யார் யாருக்குப் போகிறது?

விவேக் நகர், அல்சூர் பக்கம் நம் மக்கள் வீடுகளுக்குப் புகார் பார்க்கப் போனால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "தம்பி, யூடியூப் நல்லாத்தான் ஓடுது. பாப்பாவோட ஆன்லைன் கிளாஸ் மட்டும் நின்னு நின்னு வருது. லைன்ல கோளாறா?"

பெரும்பாலும் லைனில் கோளாறு இருக்காது. ரூட்டரும் சரியாகவே இருக்கும். யூடியூப் ஓடுவதற்கும் கிளாஸ் நிற்பதற்கும் காரணம், இந்த வியாபாரத்தில் யார் எங்கே செலவு செய்கிறார்கள், எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதுதான். பெங்களூரில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை செய்கிறேன். மாதா மாதம் பில் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று மனதாரக் கருதுவதால் எழுதுகிறேன்.

யூடியூபில் நீங்கள் போடும் பாட்டு அமெரிக்காவிலிருந்து வருவதில்லை. பலர் பார்க்கும் வீடியோக்களின் நகலைத் தன் சொந்த சர்வரில் ஏற்றி, அந்த சர்வரை இணையச் சேவை நிறுவனங்களின் இடத்திலேயே கூகுள் வைத்துவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸும் 2012 முதல் இப்படித்தான் செய்கிறது. சர்வர் அவர்களுடையது; இடமும் கரண்ட்டும் எங்களுடையது. இதைத்தான் கேஷ் (cache) என்கிறோம். புதுப் படம் ஒன்று கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு முறை வந்து இறங்கும். அதற்குப் பிறகு எத்தனை வீடு கேட்டாலும் ஊருக்குள்ளிருந்தே போகும். வெளி லைனுக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய காசு மிச்சம்.

பாப்பாவின் கிளாஸ் நேரலை. அதற்கு நகல் வைக்க முடியாது. அந்தக் கம்பெனியின் சர்வர் மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். சிங்கப்பூர் என்றால் இங்கிருந்து தரைவழி சென்னை போய், அங்கே கடலடி கேபிளில் ஏற வேண்டும். அந்த வழிக்கு வேறொரு பெரிய நிறுவனத்திடம் டிரான்சிட், அதாவது வெளி நெட்வொர்க்குகளுக்குப் போய்வரும் வழி, காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் இணையச் சேவை நிறுவனம் முதலில் கை வைப்பது இந்த டிரான்சிட்டில்தான். யூடியூப் ஓடிக்கொண்டே இருப்பதால் வாடிக்கையாளருக்கும் அது உடனே தெரியாது.

டிரான்சிட்டுக்குப் பணம் கட்டும் முறை விசித்திரமானது. ஆனால் எல்லாக் கணக்குக்கும் சாவி அதுதான். இத்தனை ஜிபி, இத்தனை ரூபாய் என்று பெரும்பாலும் அது வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளப்பார்கள். மாதம் முழுவதும் எடுத்த அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சியில் உள்ள 5 சதவீதத்தைத் தள்ளிவிடுவார்கள். அதற்கு அடுத்து நிற்கும் அளவுக்குத்தான் பில். 30 நாளுக்கு 720 மணி நேரம். தள்ளுபடியாவது 36 மணி நேரம். ஆனால் ராத்திரி எட்டு முதல் பதினொன்று வரை ஊரே நெட்டில் இருக்கிறது. தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு 90 மணி நேரம். அதில் 36 போனாலும் 54 நிற்கிறது. ஆக, எங்கள் மாத டிரான்சிட் செலவை ராத்திரிக் கூட்டம் மட்டுமே தீர்மானிக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் 50 ஜிபி இறக்கினால் எங்களுக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

அப்படியானால் எஃப்யூபி (நியாயப் பயன்பாட்டு வரம்பு) என்று சொல்லி, மாதத்துக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைக்கிறார்களே, அது எதற்கு? மிதமிஞ்சி இறக்குகிற சிலரைக் கட்டுப்படுத்த ஓரளவு உதவும், அது உண்மை. ஆனால் செலவு நேரத்தால் ஏறுகிறது, வரம்போ ஜிபியில் இருக்கிறது. ஆகவே என் பார்வையில் பல இடங்களில் அது மேல் பிளானுக்கு உங்களை ஏற்றிவிடும் வழி. வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பிளான் வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. தெருமுனைப் பெட்டியில் இருக்கும் ஸ்பிளிட்டர் வழியாக ஒரு ஃபைபர் பொதுவாக 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிகிறது. அதன் மொத்தக் கொள்ளளவு பெரும்பாலும் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். 32 வீட்டுக்கும் 200 எம்பிபிஎஸ் விற்றால் விற்றது 6.4 ஜிபிபிஎஸ். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எச்டி படம் ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை. ஏமாற்று எங்கே வருகிறதென்றால், அந்தப் பகுதியிலிருந்து மேலே போகும் லைன் நிரம்பி வழியும்போது அதைப் பெரிதாக்காமல் "சார், 300 பிளானுக்கு மாறுங்க" என்று விற்பதில். அடைப்பு மேலே இருந்தால் பிளானை ஏற்றுவதால் பயன் இல்லை.

இனி பில்லுக்கு வருவோம். 590 ரூபாய் கட்டினால் அதில் 90 ரூபாய் ஜிஎஸ்டி. மிச்சம் 500. சில கழிவுகள் போக, வருமானத்தில் 8 சதவீதம் அரசுக்கு லைசென்ஸ் கட்டணம். பிறகு தெருவில் லைன் இழுத்து, வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் லோக்கல் ஆபரேட்டரின் பங்கு. பெங்களூரில் மரத்திலும் கம்பத்திலும் தொங்கும் கேபிளை மாநகராட்சியோ மின்வாரியமான பெஸ்காமோ வெட்டினால் மறுபடி இழுக்கும் செலவு. தரைக்கடியில் பதிக்கப் போனால் ரோடு வெட்ட அனுமதிக் கட்டணம். நம் வீடியோவைச் சுமந்து வருவதற்கான செலவைவிட, கடைசி அரைக் கிலோமீட்டருக்கான செலவே பல நிறுவனங்களை அழுத்துகிறது. சிறிய நிறுவனங்களின் கஷ்டத்தை அருகிலிருந்து பார்க்கிறவன் நான். அது பொய்யில்லை.

கன்டென்ட் கம்பெனிகளின் வரவு வேறு வகை. யூடியூபுக்கு முக்கியமாக விளம்பரம். நெட்ஃபிளிக்ஸுக்கு இந்தியாவில் சந்தா. 2019இல் 199 ரூபாய்க்கு மொபைல் பிளான் கொண்டுவந்து, 2021 டிசம்பரில் அதை 149 ஆக்கினார்கள். மூன்றாவது வழி, பிராட்பேண்ட் பிளானோடு 'இலவசமாக' வரும் ஓடிடி. அதற்கு இணையச் சேவை நிறுவனம் மொத்த விலையில் காசு கொடுக்கிறது. அந்தக் காசு உங்கள் பிளான் விலைக்குள்தான் இருக்கிறது. ஓடிடி இல்லாத பிளான் என்ன விலை என்று கேளுங்கள். பல நேரம் அது விளம்பரத்தில் இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் பெரிய சண்டை. பெரிய டெலிகாம் நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ 2023இல் ஒரு கோரிக்கையை அழுத்தமாக வைத்தது. அதிக ட்ராஃபிக் அனுப்பும் கன்டென்ட் கம்பெனிகள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்பது அது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் வீடியோ தானாக உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் கேட்டீர்கள், வந்தது. அதைக் கொண்டுவரத்தான் மாதம் 590 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் கன்டென்ட் கம்பெனியும் தன் டேட்டா சென்டருக்கும், கேஷுக்கும், சில கம்பெனிகள் சொந்தக் கடலடி கேபிளுக்கும் செலவு செய்கின்றன. ஒரே பயணத்துக்கு ஏறும்போது ஒரு டிக்கெட்டும் இறங்கும்போது ஒரு டிக்கெட்டும் வாங்கச் சொல்வது போல இது.

தென்கொரியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ட்ராஃபிக் அனுப்பும் நெட்வொர்க்கே பணம் தர வேண்டும் என்ற முறை 2016இல் அங்கே வந்தது. அங்குள்ள இணையச் சேவை நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டும் நெட்ஃபிளிக்ஸும் கோர்ட்டில் மோதி 2023 செப்டம்பரில்தான் சமாதானம் ஆனார்கள். நேரலை நிறுவனமான ட்விட்ச், செலவைச் சமாளிக்க முதலில் படத் தரத்தை 720பி-க்குக் குறைத்தது. பிறகு, மற்ற பெரும்பாலான நாடுகளைவிட அங்கே நெட்வொர்க் கட்டணம் பத்து மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கொரியாவில் கடையை மூடியது. ட்விட்ச் அமேசானுக்குச் சொந்தமானது. அவர்களாலேயே தாங்க முடியாத கட்டணத்தை, ஓசூரிலிருந்தோ கோலாரிலிருந்தோ தமிழில் பாடம் நடத்தும் ஒரு சின்ன ஆப் எப்படித் தாங்கும்? சின்ன ஆட்களை விட்டுவிடுவோம், பெரியவர்களிடம் மட்டும் வாங்குவோம் என்கிறார்கள். பெரியவர்கள் அதைச் சந்தாவிலோ விளம்பரத்திலோ ஏற்றுவார்கள். எப்படிப் பார்த்தாலும் காசு அதே வீட்டிலிருந்துதான் வருகிறது.

நம் நாட்டில் ஒருமுறை மக்கள் இதைப் போன்ற ஒன்றைத் தடுத்திருக்கிறார்கள். 2015இல் ட்ராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, இந்த ஆப்புக்கு ஒரு விலை, அந்த ஆப்புக்கு ஒரு விலை என்று டேட்டா விற்கக் கூடாது என்று ட்ராய் விதி போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அத்தோடு இந்தியாவை விட்டுப் போனது. டெலிகாம் நிறுவனங்களுக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமென்றால் லைசென்ஸ் கட்டணத்தையும் ரோடு வெட்டும் கட்டணத்தையும் குறைக்கட்டும். அதுதான் கடைசி அரைக் கிலோமீட்டரில் நேரடியாகப் போய்ச் சேரும்.

புது இணைப்பு வாங்கும்போது வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். அப்லோடு எவ்வளவு என்று கேளுங்கள். வீடியோ கிளாஸுக்கும் வீட்டிலிருந்து வேலைக்கும் அது முக்கியம். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, ராத்திரி ஒன்பதரை மணிக்கு உங்கள் கிளாஸ் ஆப்பையோ ஆபீஸ் மீட்டிங்கையோ ஓட்டிப் பாருங்கள். ஸ்பீடு டெஸ்ட் சர்வர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பதால், அதில் வரும் எண் வெளி லைனின் நிலையைச் சொல்லாது. அப்பார்ட்மென்ட் சங்கம் ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப் பார்த்தால் இரண்டாவது நிறுவனத்துக்கும் இடம் கேளுங்கள். போட்டி இல்லாத கட்டடத்தில் மேல் லைனைப் பெரிதாக்க யாருக்கும் அவசரம் இருக்காது. புகார் கொடுத்தால் டாக்கெட் எண்ணை (புகார் எண்) வாங்கி, எந்த ஆப், எத்தனை மணி என்று சேர்த்துக் குறித்து வையுங்கள். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.