32 வீடுகளுக்குள் ஒரு முற்றுரிமை

கத்திரி வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்திருக்கும் வேலூர்ப் பிள்ளைகள் ஆடுகிற டிரேடு, பிசினஸ் ஆகிய விளையாட்டுகளுக்கு முன்மாதிரி அமெரிக்காவின் மொனாபொலி, அதாவது முற்றுரிமை. எல்லோரும் ஒரே தொகையுடன் தொடங்கி ஒரே பகடையை உருட்டினாலும், முடிவில் பணமெல்லாம் ஒருவரிடமே சேர்ந்துவிடுகிறது. இதற்கு அதிர்ஷ்டத்தை விட விதிகளே பெரிய காரணம்.

மொனாபொலியின் ஆரஞ்சு நிறக் கட்டங்கள் மூன்றுக்கும் லாங்கு பஜார், ஆபீசர்ஸ் லைன், காந்தி ரோடு என்று பெயரிட்டு, அவற்றில் விலை கூடிய காந்தி ரோட்டை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். அதன் விலை 200, வாடகை 16. மூன்றும் ஒருவர் கைக்கு வந்துவிட்டால், ஒரு செங்கல்கூட வைக்காமலே வாடகை 32 ஆகிவிடும்; போட்டிக்கு ஆள் இல்லை என்பதற்காக மட்டுமே கிடைக்கும் வருமானம் அது. பிறகு தலா 100 செலவில் வீடு கட்டக் கட்ட, வாடகை 80, 220, 600 என்று ஏறுகிறது. மூன்றாவது வீடு மட்டுமே 380 கூட்டுவதால், தொடக்கச் சுற்றுகளில் பகடை தந்த சிறிய முன்னிலை விரைவிலேயே எட்டிப் பிடிக்க முடியாத இடைவெளியாகிறது.

இதைவிட நுட்பமான பாடம் வீடுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பெட்டியில் உள்ளவை 32 வீடுகள்தான். ஓட்டல் கட்டினால் 4 வீடுகளை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதால், தேர்ந்த ஆட்டக்காரர் பணம் இருந்தும் ஓட்டல் கட்டுவதில்லை. மும்மூன்று கட்டங்கள் கொண்ட இரண்டு நிறங்களை வைத்திருப்பவர் கட்டத்துக்கு 4 வீடுகளோடு நிறுத்திக்கொண்டால் 24 வீடுகள் முடங்கிவிடும். எஞ்சிய 8 வீடுகளும் தீர்ந்ததும், நிலமும் பணமும் வைத்திருக்கும் எதிராளியாலும் எதுவும் கட்ட இயலாது. மண்டிக்கு வரும் பதனிடாத பச்சைத் தோல் முழுவதையும் ஒருவரே வாங்கி முடக்கினால், ராணிப்பேட்டையில் ஆளும் இயந்திரமும் இருந்தும் மற்றத் தோல் தொழிற்சாலைகள் நின்றுபோகும் அல்லவா, அதே கணக்குதான் இது.

எலிசபெத் மகீ என்ற பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் விளையாட்டு’தான் இதற்கெல்லாம் மூலம். நிலத்தின் வாடகை பொதுக் கருவூலத்துக்குச் செல்லும் மாற்று விதிகளையும் அவர் வகுத்திருந்தார். அவரது காப்புரிமையை 1935-இல் மொனாபொலியை வெளியிட்ட பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. உலகெங்கும் பரவியதோ ஒருவரே வெல்லும் வடிவம். அந்த மாற்று விதிகளைக் கைவிட்டது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன், ஏனெனில் இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால்தான் விதி மாறும்போது செல்வம் எங்கே போகிறது என்பது பிள்ளைகளுக்கும் புலப்படும்.

இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் ஒரு நிறுவனம் பெரிதாக வளர்வதைக் குற்றமாகக் கொள்வதில்லை. அந்த மேலாதிக்கத்தைக் கொண்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்துவதையும் பிறருக்குச் சந்தையை அடைப்பதையுமே அதன் 4-ஆம் பிரிவு தடை செய்கிறது. மொனாபொலியில் 24 வீடுகளை முடக்கியவர் செய்ததும் அதையேதான். ஆட்டத்தின் விதிகள் அதைத் தடுப்பதில்லை.