"தேர்ந்தெடுக்கப்பட்டாள்" என்பது நல்ல செய்தி அல்ல

"அவளைத்தான் தேர்ந்தெடுத்துவிட்டார்களே மேடம், அப்புறம் ஏன் தங்கை அழுகிறாள்?"

போன வாரம் வகுப்பில் வந்த கேள்வி. இரண்டாம் உலகப்போரில் நாஜி ஜெர்மனி போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பிய ஒரு யூதப் பெண்ணின் நினைவுக்குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தோம். மொழிபெயர்ப்பு இலக்கியம் நடத்தும் எனக்கு ஆண்டுதோறும் யாராவது இதைக் கேட்கிறார்கள். மாணவி மேல் தப்பில்லை. தேர்வு என்றால் நமக்குப் பரீட்சை, வேலை, பட்டியலில் வந்த பெயர். அதைத் தெரிந்தும் அந்தச் சொல்லை விளக்கமில்லாமல் அச்சடிப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சரி, அந்தத் 'தேர்வு' என்ன? ஜெர்மனில் செலெக்ட்சியோன். அது இரண்டு இடங்களில் நடந்தது. முதலாவது, ரயில் வந்து நிற்கும் மேடையில். ஆண்கள் ஒரு வரிசை, பெண்களும் குழந்தைகளும் இன்னொரு வரிசை. நாஜிகளின் எஸ்எஸ் படையைச் சேர்ந்த மருத்துவர் ஒரு பார்வை பார்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டுவார். வேலைக்கு ஆகும் என்று தோன்றியவர்கள் முகாமுக்குள். முதியவர்கள், குழந்தைகள், கைக்குழந்தையோடு நின்ற தாய்மார்கள் நேரே விஷவாயு அறைக்கு. 1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்களில் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள்.

இரண்டாவது, முகாமுக்கு உள்ளே. குழப்பம் இங்கேதான். கைதிகள் ஆடையில்லாமல் மருத்துவர் முன் நடக்க வேண்டும். மெலிந்தவர், புண் உள்ளவர் என்று பட்டவரின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவின் பெண்கள் முகாமில் அவர்களை 25ஆம் கொட்டடியில் அடைத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். இங்கே தேர்ந்தெடுக்கப்படுவது சாவுக்கு. கன்னத்தைக் கிள்ளிச் சிவக்கவைத்துக்கொண்டு பெண்கள் நடந்தது தேர்வாகாமல் இருக்கத்தான். எத்தனையோ நினைவுக்குறிப்புகள் இந்த ஜெர்மன் சொல்லை மாற்றாமலே வைத்திருக்கின்றன. மொழிபெயர்ப்பவர்களே, நீங்களும் அப்படியே விடுங்கள். முடியாதென்றால் 'பிரித்தெடுப்பு' என்றாவது எழுதுங்கள்.

அடுத்து 'நாடுகடத்தல்'. போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து 1942 ஜூலை 22 முதல் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டவர்கள் எந்த நாட்டு எல்லையையும் தாண்டவில்லை. நாஜிகள் அதைக் 'கிழக்கில் குடியமர்த்துதல்' என்றார்கள். நினைவுக்குறிப்பில் 'குடியமர்த்துதல்' என்று கண்டால் அது கொலைகாரர்களின் சொல் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

'வதை முகாம்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதையும் நிறுத்துவோம். 1933இல் தொடங்கிய டாஹாவ், அரசியல் எதிரிகளை அடைத்துவைத்த சித்திரவதைக்கூடம். அங்கே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ட்ரெப்ளிங்கா வேறு, கொல்வதற்கென்றே கட்டப்பட்டது. 1942 முடிவதற்குள் அங்கே 7 லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொன்றார்கள். அங்கிருந்து வந்த நினைவுக்குறிப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, எழுத ஆள் மிஞ்சவில்லை.

காப்போ என்பவர் நாஜி அதிகாரி அல்ல. சக கைதிகளை வேலை வாங்க நியமிக்கப்பட்ட கைதி. அவர்களில் கொடூரமானவர்கள் உண்டு, தன்னால் முடிந்த நாலு பேரைக் காப்பாற்றியவர்களும் உண்டு. தீர்ப்பு எழுதுவதற்கு முன் முழுப் புத்தகத்தையும் படித்துவிடுங்கள், தயவுசெய்து.

கையில் எண் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸிலும் அதன் துணை முகாம்களிலும் மட்டும். மேடையிலிருந்தே விஷவாயு அறைக்குப் போனவர்களுக்கு எண் கிடையாது. 'கனடா' என்று வந்தால் நாடு என்று நினைத்துவிடாதீர்கள். வந்தவர்களிடம் பறித்த பொருட்களைக் குவித்த கிடங்குக்குக் கைதிகள் வைத்த பெயர் அது. கனடா செல்வம் கொழிக்கும் தேசம் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். 'ரொட்டி ஏற்பாடு செய்தேன்' என்றால் உயிரைப் பணயம் வைத்து எங்கிருந்தோ ரகசியமாகக் கொண்டுவந்தேன் என்று பொருள்.

பதிப்பகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சொல் விளக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்காமல் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் போடுங்கள்.

அந்த மாணவியோடு சேர்ந்து அதே பக்கத்தை நாளை மறுபடியும் வாசிக்கப்போகிறோம், தங்கை அழும் இடத்திலிருந்து.