வலிக்காத புண்

பாம்பன் பக்கமிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார். உள்ளங்காலில் குழிப்புண், அதற்குள் கருவேல முள் ஒன்று முறிந்து கிடந்தது. "எத்தனை நாளாண்ணே இருக்கு?" என்று கேட்டேன். "வலிச்சாத்தானே தம்பி தெரியும்!" என்றார்.

தொழுநோயால் உணர்ச்சி போனவர்களிடம், பிசியோதெரபிஸ்டாக இந்தக் கரையில் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. கேட்கும்போதெல்லாம் டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வருவார். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று பலரும் நம்பிய காலம் அது. பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கவனித்தார். சுடுகிற பாத்திரம், ஆணி, அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்த கருவி என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தூங்குகிறவரின் விரலை எலி கடித்தால்கூட அவருக்குத் தெரியவில்லை. (அதற்காகப் பூனை வளர்த்தார்களாம். மருந்துச் சீட்டில் எழுத முடியாத வைத்தியம்!) கிருமி கெடுப்பது நரம்பை. உணர்ச்சி போனபின் விரலைக் கெடுப்பது நம் வேலைதான்.

மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவைக்காகவே அவரைப் பலரும் பேசுவார்கள். எனக்கு என்னவோ, செருப்பில் அவர் காட்டிய அக்கறைதான் பெரிதாகப் படுகிறது. மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட) ரப்பர் அடி வைத்த, ஆணி அடிக்காத செருப்பு.

ஆனால் இங்கே செருப்பு மணலில் புதையும், படகில் வழுக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைக்கிறார்கள்; கீறல் அவர்களுக்குச் சகஜம். அதில் எது வலிக்காத கீறல் என்று யார் பார்ப்பது?

வெளிறிய அல்லது சிவந்த தேமல், அரிக்காது, தொட்டால் உணர்ச்சி குறைவு என்றால் அது தொழுநோயாக இருக்கலாம்; "உப்புத்தண்ணி பட்டது" என்று விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் நெடுநாள் செத்துக் கிடந்த நரம்பு பெரும்பாலும் திரும்பாது.

அந்த அண்ணனுக்குத் தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது எம்.சி.ஆர். செருப்பு காலில் இருந்தது. அறுந்த வாரை நைலான் வலைக்கயிற்றால் கட்டியிருந்தார். சரி, முதலில் அந்த முடிச்சு பட்ட இடத்தைத்தான் பார்த்தேன்.