பில்ட் ஆகவில்லையா? முதலில் அழிப்பதை நிறுத்துங்கள்

மறுநாள் காலை டெமோ. முதல்நாள் பின்னேரம் கம்பஸ் இறுதியாண்டுப் பிள்ளைகள் சிலர் வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் ஒபிஸுக்கு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அண்ணா, பில்ட் ஆகுதில்லை. எல்லாத்தையும் அழிச்சும் பாத்திட்டம்." இந்த இரண்டாவது வசனத்தைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. (பில்ட் என்பது எழுதிய கோடைப் போனில் ஓடும் செயலியாக ஆக்கும் வேலை.)

நடந்தது இவ்வளவுதான். ஒரு பிள்ளை, ஆண்ட்ராய்ட் செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவை அப்டேட் செய்திருக்கிறார். லேடிபக் என்ற பதிப்பிலிருந்து ஸ்டூடியோ, பில்ட் கருவிகள் ஓடுவதற்கு வேண்டிய ஜாவாவின் 21ஆம் பதிப்பைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், செயலி எழுதும் கருவித்தொகுப்பான ஃபிளட்டர் அந்த ஜாவாவைத்தான் எடுக்கும். ப்ராஜெக்டில் இருந்ததோ, பில்டைச் செய்யும் கருவியான கிரேடிலின் 7.6 பதிப்பு. அதற்கு ஜாவா 19 வரைதான் ஓடத் தெரியும். கிரேடில் இதை ஒளித்துவைக்கவும் இல்லை: 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65' என்று எழுதிக் காட்டியிருக்கிறது. 65 என்றால் ஜாவா 21. 61 என்றால் 17, 55 என்றால் 11. ஜாவா 17ஐ இறக்கி, அது இருக்கும் இடத்தை ஃபிளட்டருக்குச் சொல்லியிருந்தால் போதும். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அவர்கள் செய்தது வேறு. முதலில் ஃபிளட்டர் கிளீன் என்ற அழிக்கும் கட்டளை. சரிவரவில்லை. பிறகு கிரேடில் கேஷ் (அது இறக்கிச் சேமித்து வைத்தவை) முழுவதும். அதுவும் சரிவரவில்லை. அப்புறம் ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்து, ஹோம் கோப்புறையில் இருக்கும் '.ஆண்ட்ராய்ட்' கோப்புறையையே தூக்கியிருக்கிறார்கள். கடைசியில் ஸ்டூடியோவை நீக்கிவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்கள். புதிதாகப் போட்ட ஸ்டூடியோ எந்த ஜாவாவோடு வந்திருக்கும்? அதே 21.

அந்த '.ஆண்ட்ராய்ட்' கோப்புறைக்குள்தான் எமுலேட்டர்கள் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்கள்) எல்லாம் இருந்தன. டீபக் கீஸ்டோரும், அதாவது சோதனைப் பதிப்பைக் கையொப்பமிடும் (சைன் செய்யும்) கீ இருக்கும் கோப்பும், அங்கேதான் இருந்தது. அது போனால் அடுத்த பில்டில் புதிதாக ஒன்று தானாகவே உருவாகும், ஆனால் அந்தக் கீயை அடையாளம் காட்டும் எஸ்எச்ஏ-1 கைரேகை வேறு. செயலிக்கு லொகின் போன்ற சேவைகளைத் தரும் கூகுளின் ஃபயர்பேஸில் பதிந்திருப்பது பழைய கைரேகை. ஆக, ஜாவா பிரச்சினையைத் தீர்த்துக் கொடுத்த பிறகும் கூகுள் லொகின் வேலை செய்யவில்லை. 'ஏபிஐ எக்ஸப்ஷன் 10' வந்து நின்றது. ஒரு பிழையோடு தொடங்கியவர்கள் அழித்து அழித்து இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

கிளீன் அடித்தால் சரியாகிவிடும் என்ற இந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டி நான் களைத்துப் போய்விட்டேன். ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஃபிளட்டர் கிளீன் என்ன செய்கிறது? 'பில்ட்' கோப்புறையையும் 'டார்ட் டூல்' கோப்புறையையும் அழிக்கிறது. இரண்டும் உங்கள் கோடிலிருந்து கருவிகள் உருவாக்கி வைத்தவை, அடுத்த பில்டில் திரும்பவும் உருவாகும். கிரேடில் எந்தப் பதிப்பு என்பது அவற்றுக்குள் இல்லை. ஜாவா எங்கே இருக்கிறது என்பதும் இல்லை. மினிமம் எஸ்டிகே (செயலி ஓடக் குறைந்தது வேண்டிய ஆண்ட்ராய்ட் பதிப்பு), பேக்கேஜ் பெயர் (செயலியின் தனி அடையாளப் பெயர்), ஃபயர்பேஸ் கோப்பு, சைனிங் கீ, எதுவும் அங்கே இல்லை. நீங்கள் பிழையாக எழுதிய வரி நீங்கள் எழுதிய கோப்பிலேயே இருக்கிறது. நூறு தரம் கிளீன் அடித்தாலும் அந்த வரி அசையாது. திரும்ப பில்ட் செய்யும்போது அதே வரியை வாசித்து, அதே இடத்தில், அதே பிழையோடு நிற்கும்.

அப்படியென்றால் சிலவேளை கிளீன் அடித்ததும் சரியாகிறதே? ஆகும். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வேறு கிளைக்கு மாறியிருப்பீர்கள், வெளியிலிருந்து சேர்த்த ஒரு பிளக்இன்னைக் கழற்றியிருப்பீர்கள், முன்பு உருவான கோப்புகள் இன்றைய கோடோடு பொருந்தாமல் கிடந்திருக்கும். அங்கே கிளீன்தான் சரியான வேலை. அப்படி ஒருமுறை பலித்துவிட்டால் போதும், அப்புறம் எதற்கெடுத்தாலும் பனடோல் போடுகிற கதைதான். 'மேஜர் வெர்ஷன் 65'க்கும் கிளீன், செயலியின் விவரங்களும் அனுமதிகளும் எழுதும் மெனிஃபெஸ்ட் கோப்பில் ஓர் அடைப்பு விடுபட்டதற்கும் கிளீன்.

இதில் காசும் போகிறது. கிரேடில் கேஷை முழுவதும் அழித்தால் ஒவ்வொரு நூலகத்தையும் திரும்ப இறக்கவேண்டும். கிரேடிலின் முழுத் தொகுப்பு மட்டுமே நூறு எம்பிக்கு மேல். போர்டிங் அறையில் போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிற பிள்ளைக்கு ஒரு வார டேட்டா ஓர் இரவில் தீர்ந்துவிடும். இறக்கிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் ஸிப் கோப்பு பாதியில் நிற்கும், அடுத்த பில்டில் ஸிப் எக்ஸப்ஷன் வரும். அழிக்கவேண்டிய உண்மையான சந்தர்ப்பம் அதுதான். அப்போதும் '.கிரேடில்' கோப்புறைக்குள் ராப்பர், டிஸ்ட்ஸ் என்று போய், பாதியில் நின்ற அந்த ஒரு பதிப்பின் கோப்புறையை மட்டும் அழியுங்கள். மற்றவற்றில் கை வைக்காதீர்கள்.

சரி, அழிக்காமல் என்ன செய்வது? வாசிப்பது. வட்ஸ்அப்பில் எனக்கு வருகிற படங்களில் பாதி, லப்டொப் திரையைப் போனால் எடுத்தவை. அவற்றில் எப்போதும் கடைசி நான்கு வரிதான் தெரியும். 'பில்ட் ஃபெயில்ட்', எத்தனை செக்கன் எடுத்தது, அதற்கு மேலே 'ட்ரை' என்று சில ஆலோசனைகள். அந்த ஆலோசனைகள் எந்தப் பிழைக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றால் பயனில்லை. மேலே ஏறுங்கள். 'வட் வென்ட் ரோங்' என்று ஒரு தலைப்பு இருக்கும், அதன் கீழே உள்ள வரிகளைத்தான் வாசிக்கவேண்டும். எந்த டாஸ்க் விழுந்தது என்று அங்கே இருக்கும். அதன் பெயர் 'ஆப்' என்று தொடங்கினால் உங்கள் பக்கத்தில் தேடுங்கள். ஒரு பிளக்இன்னின் பெயரில் தொடங்கினால் அந்த பிளக்இன் பதிப்பைப் பாருங்கள், உங்கள் கோடைக் கிண்டாதீர்கள். நீளமான ஸ்டாக் ட்ரேஸ் (பிழை வந்த வழியின் பட்டியல்) வந்தால் 'கோஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதைப் பிடியுங்கள். பெரும்பாலும் மூலகாரணம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

யாரிடமாவது கேட்பதென்றால் அந்தப் பகுதியைப் படமாக அல்ல, எழுத்தாகப் பிரதி எடுத்து அனுப்புங்கள். மெஷினின் அமைப்பைச் சோதிக்கும் ஃபிளட்டர் டொக்டர் கட்டளையை '-வி' போட்டு ஓட்டி, அது காட்டுவதையும் சேருங்கள். எந்த ஜாவா, எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதுவரை அதில் வரும். ஸ்டூடியோவில் பில்ட் ஆகிறது, டேர்மினலில் ஆகவில்லை என்று குழம்புகிறவர்களும் இதையே பாருங்கள். டேர்மினலில் கிரேடிலை நேரடியாக ஓட்டினால் அது ஜாவா ஹோம் என்ற கணினி அமைப்பு சொல்கிற ஜாவாவை எடுக்கும், ஸ்டூடியோ தன் அமைப்பில் இருப்பதை எடுக்கும். ஒரே மெஷினில் இரண்டு ஜாவா இருப்பது குற்றமில்லை. எது ஓடுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் வில்லங்கம்.

பதிப்பு எண்களைக் கண்ட இடத்திலிருந்து எடுத்து ஒட்டுவது அடுத்த வியாதி. கிரேடிலுக்கு ஆண்ட்ராய்ட் செயலி கட்டத் தெரியவைக்கும் ஆண்ட்ராய்ட் கிரேடில் பிளக்இன் 7க்கு ஜாவா 11 வேண்டும். 8க்கு ஜாவா 17 வேண்டும், கிரேடிலும் குறைந்தது 8.0 வேண்டும். பிளக்இன் 8இலிருந்து நேம்ஸ்பேஸை (கோடுக்கான பெயர்வெளி) மெனிஃபெஸ்டில் எழுத முடியாது, பில்ட் கிரேடில் கோப்பில்தான் எழுதவேண்டும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் ஏற்றினால் மற்ற இரண்டும் இழுபடும். சட்பொட்டிடம் கேட்கிறீர்கள், கேளுங்கள். ஆனால் அது ஜேசென்டர் (நூலகங்களை இறக்கும் பழைய களஞ்சியம்) என்று ஒரு வரி எழுதித் தந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதை மூடப்போவதாக 2021இலேயே அறிவித்துவிட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு பில்ட், பிறகு கிட்டில் கொமிட். ஐந்து இடத்தில் ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள் தம்பி, எனக்கும் தெரியாது.

விண்டோஸ்காரருக்கு ஒரு சின்ன விஷயம். ப்ராஜெக்ட் கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்த பிள்ளை ஒருவர் இருந்தார். தமிழ்ப்பற்று நல்லதுதான். ஆனால் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால் விண்டோஸில் பில்ட் நின்றுவிடும், இடத்தை மாற்றச் சொல்லிச் செய்தியும் வரும். சி டிரைவில் 'தேவ்' என்று ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறை போட்டு வேலை செய்யுங்கள். தமிழை செயலிக்குள் காட்டுங்கள். ஒன்டிரைவுக்குள்ளும் ப்ராஜெக்டை வைக்காதீர்கள்.

பில்ட் பிழையாவது பரவாயில்லை, முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வாயே திறக்காத கட்டமைப்புப் பிழைகள்தான் ஆளைக் கொல்பவை. 'கொம் எக்ஸாம்பிள்' என்ற பேக்கேஜ் பெயரோடு மாதக்கணக்கில் வேலை செய்துவிட்டு, பிளே ஸ்டோர் அந்தப் பெயரை ஏற்காது என்பது கடைசி நாளில்தான் தெரியவரும். அவசரமாகப் பெயரை மாற்றுவார்கள். உடனே 'நோ மேட்சிங் கிளையன்ட்' என்று ஃபயர்பேஸ் தந்த கூகுள் சேர்விசஸ் ஜேசன் கோப்பு முரண்டு பிடிக்கும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை: ஜேசன் கோப்பைத் திறந்து கையாலேயே பெயரைத் திருத்துகிறார்கள்! பில்ட் ஆகிவிடும். ஃபயர்பேஸில் அந்தப் பெயரில் ஒரு செயலியே பதிவாகவில்லை என்பது மாறாது. ஃபயர்பேஸ் கொன்சோலில் புதுப் பெயரைப் பதிந்து புதுக் கோப்பை இறக்குங்கள். சில நிமிட வேலை.

ஃபிளட்டரில் இன்னொன்று. டீபக்கில் ஓடுகிறது, ரிலீஸ் ஏபிகேயை (வெளியிடும் பதிப்பின் நிறுவல் கோப்பை) போட்டால் சேர்வரோடு பேசமாட்டேன் என்கிறது. சேர்வர்காரரோடு சண்டை பிடிக்க முன்னம் மெனிஃபெஸ்டைப் பாருங்கள். ஃபிளட்டர் உருவாக்கித் தரும் ப்ராஜெக்டில் இன்டர்நெட் அனுமதி டீபக், ப்ரொஃபைல் என்ற இரண்டு மெனிஃபெஸ்டுகளில்தான் இருக்கும். 'மெயின்' மெனிஃபெஸ்டில் நீங்கள்தான் எழுதவேண்டும். ஒரு வரி.

புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு ஓடர் எடுக்கும் செயலி செய்த அணி ஒன்று, பிளே ஸ்டோரில் இறக்கியவர்களுக்கு மட்டும் கூகுள் லொகின் வேலை செய்யவில்லை என்று வந்தது. ஏபிகேயாகக் கையில் கொடுத்தவர்களுக்கு வேலை செய்கிறதாம். ஸ்டோரை ஏசிக்கொண்டு வந்தார்கள். கூகுளே செயலியைக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் பிளே ஆப் சைனிங்கில், நீங்கள் ஏற்றுவது உங்கள் அப்லோட் கீயால், பயனாளருக்குப் போவது கூகுளிடம் இருக்கும் வேறொரு கீயால் சைன் ஆகி. கைரேகையும் வேறு. பிளே கொன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் இருக்கும் எஸ்எச்ஏ-1ஐ எடுத்து ஃபயர்பேஸில் சேர்த்தார்கள், முடிந்தது.

கீ என்றதும் இதையும் சொல்லவேண்டும். கீஸ்டோரை கிட்டில் ஏற்றக்கூடாது என்று யாரோ சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஒரு பிள்ளை அதை கிட்இக்னோரில் (கிட் பதியக்கூடாதவற்றின் பட்டியலில்) போட்டு ப்ராஜெக்டுக்குள்ளேயே வைத்திருந்தது. பிறகு ஒருநாள், வழக்கம்போல, பில்ட் ஆகவில்லை. இணையத்தில் பார்த்து 'கிட் கிளீன்' கட்டளையை எக்ஸ் எழுத்தும் சேர்த்து ஓட்டியிருக்கிறது. அந்த எக்ஸ், இக்னோர் செய்த கோப்புகளையும் சேர்த்து அழிக்கும். கீ போய்விட்டது, கடவுச்சொல் எழுதியிருந்த கோப்பும் போய்விட்டது, வேறு பிரதியும் இல்லை. அது புதிய செயலி என்பதால் தப்பியது. 2021 ஓகஸ்டிலிருந்து புதிய செயலிகளுக்கு பிளே ஆப் சைனிங் கட்டாயம், அதனால் அப்லோட் கீயை மாற்றித் தரச் சொல்லி கூகுளிடம் கேட்க முடிந்தது. அதற்கு முந்திய செயலி, ஆப் சைனிங்கில் சேராதது என்றால், அதே பேக்கேஜ் பெயரில் இனி ஒரு அப்டேட்டும் விட முடியாது. வாடிக்கையாளரிடம் போய் உங்கள் ஆட்களை எல்லாம் புதுச் செயலி இறக்கச் சொல்லுங்கள் என்று நீங்கள்தான் சொல்லவேண்டிவரும்.

ஆகவே தயவுசெய்து கீஸ்டோர் கோப்பை ப்ராஜெக்ட் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். இரண்டு பிரதி எடுங்கள், அதில் ஒன்று அந்த லப்டொப்பில் இருக்கக்கூடாது. கீயின் பெயரான அலியஸையும் கடவுச்சொல்லையும் உங்கள் அணியில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில், பூட்டி வையுங்கள். வாடிக்கையாளருக்குச் செய்த செயலி என்றால் ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்குங்கள். 2021க்கு முன் ஏற்றிய செயலி ஏதும் உங்கள் பொறுப்பில் இருந்தால் பிளே கொன்சோலைத் திறந்து, ஆப் சைனிங்கில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சேராவிட்டால், கீ கையில் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.