பழைய எம்ஜிபி வாங்கும் முன் கதவுக்குக் கீழே பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் அதிகம் விசாரிப்பது எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபியைப் பற்றித்தான். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. பார்க்கப் போகிறவர்கள் உடனே பானட்டைத் திறக்கிறார்கள். நான் தரையில் குனிந்து கதவுக்குக் கீழே பார்க்கச் சொல்வேன்.

அதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடிதான் சேஸியும். கூரையில்லாத ரோட்ஸ்டரின் நடுப்பகுதி தொய்யாமல் பிடித்திருப்பவை, இரு பக்கமும் கதவுக்கடியில் நீளவாக்கில் ஓடும் சில்கள். ஒவ்வொன்றும் பல தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த பெட்டி. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு, சக்கரத்தை மூடியிருக்கும் விங்குக்குள் தங்கிவிடும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதோடு சேரும். அந்த ஈரம் சில்லுக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் புதுசு மாதிரி மின்னும், உள்தகடு உதிர்ந்துகொண்டிருக்கும். இதைவிட மோசம், துருவை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டு அடிப்பது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், பலம் இருக்காது. இப்படிச் செய்து விற்பது வாங்குபவரின் உயிரோடு விளையாடுவது.

கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கலாம். அப்புறம், உரிமையாளர் சம்மதித்தால், சில்லுக்கடியில் ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். கதவு வழக்கம்போல் திறந்து மூட வேண்டும். இறுகினாலோ, ஜாக்கி தகட்டுக்குள் புதைந்தாலோ அந்தக் காரை விட்டுவிடலாம். சில்லை மாற்ற முடியும். ஆனால் வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைக்காவிட்டால் பாடி கோணிவிடும். பிறகு கதவு பொருந்தவே பொருந்தாது.

1798 சிசி இன்ஜின் எளிமையானது, பாகங்களும் சுலபமாகக் கிடைக்கின்றன. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இன்னொரு விஷயம். பெரிதாக மாற்றியமைக்காத 40 வயது கடந்த கார்களுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால் ஆண்டுக்கணக்கில் யாருமே அடியில் பார்க்காத கார்களும் விற்பனைக்கு வருகின்றன. விரும்பினால் இப்போதும் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். பணம் கொடுக்கும் முன் எம்ஓடி செய்து காட்டச் சொல்லுங்கள், செலவை நீங்களே ஏற்றாலும் சரி. அதற்கும் விற்பவர் மறுத்தால் வேறு காரைப் பாருங்கள்.