ரைட்டரை மட்டும் தனியாகப் பிரிக்கலாமா?

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் டிடிபி கடைகளில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பை நிறுவிக் கொடுப்பவர்களிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சாரே, எனக்கு நோட்டீஸ் அடிக்க ரைட்டர் போதும். கால்க், இம்ப்ரெஸ், டிரா, பேஸ், மேத் எல்லாம் எதுக்கு? அதையெல்லாம் எடுத்துட்டா மெஷின் கொஞ்சம் வேகமா ஓடுமே?"

நியாயமான கேள்விதான். ரைட்டர் எழுதுவதற்கு, கால்க் கணக்குத் தாளுக்கு, இம்ப்ரெஸ் விளக்கக்காட்சிக்கு, டிரா படம் வரைய, பேஸ் தரவுத்தளத்துக்கு, மேத் கணிதச் சூத்திரம் எழுத. நிறுவல் கோப்பே 300 எம்.பி.க்கு மேல் இருக்கிறது. கடையில் கிடப்பதோ 4 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய கணினி. கட்டற்ற மென்பொருள் என்பதால் மூலநிரலும் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதை ஆறு தனி நிரல்களாகப் பிரித்து, வேண்டியவர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன?

பதில் தெரிய வேண்டுமென்றால் முதலில் ஒன்று செய்து பாருங்கள். ரைட்டரில் ஒரு கோப்பு, கால்க்கில் ஒரு கோப்பு என இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ரைட்டருக்கு ஒரு வரி, கால்க்குக்கு ஒரு வரி என்று இருக்காது. 'எஸ்ஆபீஸ் டாட் பின்' என்ற ஒரே பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரல், இரண்டு சன்னல்களையும் நடத்திக்கொண்டிருக்கும். நாம் சொடுக்கும் ரைட்டர் ஐகானும் கால்க் ஐகானும் அந்த ஒரே நிரலைக் கூப்பிட்டு, இன்ன சன்னலைத் திற என்று சொல்லும் சின்னஞ்சிறு ஏவல் நிரல்கள்தான். பெரிய நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக வருவது அதனிடம் தகவலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பயனரின் அமைப்புகள் அடங்கிய சுயவிவரக் கோப்புறையை ஒரு நேரத்தில் ஒரு பிராசஸ்தான் கையில் வைத்திருக்க முடியும் என்பது இதற்குள் இருக்கும் விதி.

இப்படி அமைந்ததற்கு வரலாறு காரணம். 1985இல் மார்கோ போரீஸ் என்ற ஜெர்மன் இளைஞர் லூனபர்க் நகரில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஸ்டார் ரைட்டர் என்ற எழுதும் நிரலை விற்றார். அதோடு கணக்கு, படம், விளக்கக்காட்சி எல்லாம் சேர்ந்து ஸ்டார் ஆபீஸ் ஆனது. அதன் 5.2 பதிப்பில் மின்னஞ்சல், நாட்காட்டி, இணைய உலாவி கூட உள்ளேயே இருந்தன. திறந்ததும் திரை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு ஸ்டார்ட் பொத்தானும் வைத்திருந்தது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, 2000 அக்டோபரில் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2002இல் ஓப்பன் ஆபீஸ் 1.0 வந்தபோது அஞ்சலும் உலாவியும் அந்த முழுத்திரை மேசையும் போயிருந்தன. ஆக, இந்தத் தொகுப்பில் பெரிய வெட்டு ஒன்று முன்பே விழுந்திருக்கிறது. 2010இல் கிளைத்த லிப்ரே ஆபீஸ் அப்படி வெட்டி மிச்சமானதன் வாரிசு. நம் மேல்நிலைப் பாடநூல்களில் முன்பு ஸ்டார் ஆபீஸும் பிறகு ஓப்பன் ஆபீஸும் வந்ததால், தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் இன்றும் லினக்ஸோடு சேர்த்து லிப்ரே ஆபீஸைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மிச்சமானதை ஏன் எளிதில் பிரிக்க முடியவில்லை என்பதற்கு உள்ளே பார்க்க வேண்டும். ரைட்டருக்கே உரிய நிரல் 'எஸ்டபிள்யூ' என்ற லைப்ரரியில், அதாவது தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் நிரல் தொகுப்பில், இருக்கிறது. பழைய ஸ்டார் ரைட்டரின் முதலெழுத்துகள் அவை. கால்க்குக்கு 'எஸ்சி'. மேத்துக்கு 'எஸ்எம்'. இம்ப்ரெஸ், டிரா இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'எஸ்டி'. மெனுவில்தான் அவை இரண்டு, உள்ளே ஒரே லைப்ரரி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் பொதுத்தளம் ஒன்று கிடக்கிறது. சன்னலும் பொத்தானும் எழுத்துருவும் வரைவது, கோப்பைத் திறப்பதும் சேமிப்பதும், வட்டம் கட்டம் அம்புக்குறி போடுவது, பிழை திருத்துவது, மைக்ரோசாஃப்ட் கோப்புகளைப் படிப்பது, அச்சுக்கு அனுப்புவது, பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. ரைட்டர் பக்கத்தை அடுக்கும், கால்க் சூத்திரத்தைக் கணக்கிடும். மற்றதற்கெல்லாம் இருவரும் கீழேதான் கைநீட்ட வேண்டும்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய் என்று பிரிந்து நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கால்வாயை அடைத்துவிட்டால் அணையின் அளவு குறையாது. கால்வாய்க்கு ஒரு அணை என்று கட்டப் புறப்பட்டால் செலவுதான் பெருகும்.

ஓடும்போதும் அப்படித்தான். ரைட்டர் மட்டும் திறந்திருக்கையில் கால்க்கின் லைப்ரரி பொதுவாக நினைவகத்துக்கு வருவதே இல்லை. யூனோ என்ற இணைப்பு அமைப்பு, எந்தச் சேவை எந்த லைப்ரரியில் இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, யாராவது கேட்கும்போதுதான் அதை ஏற்றும். அதனால் கால்க்கை வட்டிலிருந்து நீக்கினால் கொஞ்சம் இடம் மிச்சமாகும். கடைக்காரர் எதிர்பார்த்த வேகம் வராது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தப் பொதுத்தளம் மிக நெருக்கமான விஷயம். 'கொ' என்று தட்டினால் கோப்பில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் என இரண்டே குறியீடுகள் பதிவாகும். திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் முன்னும் பின்னும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துவடிவ லைப்ரரி. முன்பு விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று என்று வெவ்வேறு கருவிகள் இதைச் செய்தன. அதனால் ஒரே கோப்பு வெவ்வேறு கணினியில் வெவ்வேறு இடத்தில் வரி உடைந்து நிற்கும். 2017இல் வந்த லிப்ரே ஆபீஸ் 5.3 பதிப்பு எல்லாத் தளத்துக்கும் ஹார்ஃப்பஸையே பொதுவாக்கியது. அடியில் ஓரிடத்தில் செய்த மாற்றம் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் எல்லாவற்றிலும் தமிழுக்குப் பலன் தந்தது. ஆறு தனி நிரல்களாக இருந்திருந்தால் ஆறு இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. தமிழ் மாதிரி, பங்களிப்பவர்கள் குறைவாக உள்ள மொழிக்கு இது பெரிய விஷயம் என்பது என் உறுதியான எண்ணம். மெனு மொழிபெயர்ப்பும் அப்படியே. 'சேமி' என்று பொதுத்தளத்தில் ஒருமுறை எழுதினால் எல்லாச் சன்னலிலும் வரும்.

சரி, பிரித்தே தீருவோம் என்று வைத்துக்கொள்வோம். வழி இரண்டு. பொதுத்தளத்தைத் தனி லைப்ரரிகளாக வைத்துவிட்டு, மேலே ஆறு சிறு நிரல்கள் அதைக் கூப்பிடும்படி செய்யலாம். அப்போது ரைட்டரும் கால்க்கும் தனித்தனி பிராசஸ்களாக ஓடினாலும், இரண்டும் ஏற்றுவது வட்டில் உள்ள ஒரே லைப்ரரிக் கோப்பு என்பதால், அதன் நிரல் பகுதியை இயங்குதளம் நினைவகத்தில் ஒரு பிரதியாக மட்டும் வைத்து இருவருக்கும் காட்டும். ஆனால் ஓடும்போது ஒவ்வொன்றும் சேர்த்துக்கொள்ளும் தரவு, அதாவது எழுத்துருத் தகவல், அமைப்புகள், விரித்து வைத்த படங்கள் எல்லாம் தனித்தனிதான். இரண்டாவது வழியில், ஒவ்வொரு நிரலும் பொதுத்தளத்தின் பிரதியைத் தனக்குள்ளேயே சுமந்து வரும். தனியாகப் பதிவிறக்க வசதிதான். ஆனால் மூன்று நிரல்களைத் திறந்தால் மூன்று பிரதிகள் நினைவகத்தில் ஏறும். படக்கோப்பைப் படிக்கும் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால், மூன்றையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும்.

மொசில்லா இந்தப் பாதையில் நடந்து பார்த்தது. உலாவி, அஞ்சல், வலைப்பக்கம் எழுதும் கருவி எல்லாம் ஒன்றாகக் கிடந்த மொசில்லா தொகுப்பிலிருந்து 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0, தண்டர்பேர்ட் 1.0 என இரண்டு தனி நிரல்கள் வெளிவந்தன. வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கெக்கோ என்ற வரையும் எந்திரத்தை இரண்டும் தனித்தனியே சுமந்தன. அதைப் பொதுவாக வைக்க எக்ஸ்யூஎல்ரன்னர் என்று ஒன்றைச் செய்து பார்த்துப் பிறகு கைவிட்டுவிட்டார்கள். அங்கே பிரிவு எளிதாக அமைந்ததற்கும் காரணம் இருக்கிறது: உலாவியின் நடுவில் ஓர் அஞ்சல்பெட்டியைப் பதிக்க யாரும் கேட்பதில்லை. ஆபீஸ் தொகுப்பில் பயனர் தினமும் கேட்பதே அதைத்தான்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் அடிப்பார்கள். மேலே கோயில் பெயர், நன்றி வாசகம். நடுவில் வரி வசூல், நன்கொடை, வில்லுப்பாட்டு, பந்தல், அன்னதானம் என்று கணக்கு. டிடிபி கடையில் அந்தக் கணக்கைக் கால்க் தாளாகவே ரைட்டர் பக்கத்தில் பதித்து வைக்கலாம். கமிட்டிக்காரர் வந்து "பந்தலுக்கு இன்னும் 500 ரூபாய் சேர்க்கணும்" என்றால் அதன்மேல் இருமுறை சொடுக்குங்கள். அதே சன்னலில் ரைட்டரின் கருவிப்பட்டை மறைந்து கால்க்கின் பட்டை வந்து நிற்கும். எண்ணை மாற்றினால் மொத்தம் தானே மாறும். வெளியே சொடுக்கினால் மறுபடி ரைட்டர். இந்த இடத்தில் ஒரு நிரல் இன்னொன்றின் வயிற்றுக்குள் ஓடுகிறது. இரண்டும் ஒரே பிராசஸில் இருப்பதால்தான் இது இவ்வளவு சுலபம். தனித்தனியாக இருந்தால் விசைத்தட்டல், திரை வரைவு, செயல்நீக்கம் (அன்டூ) எல்லாவற்றையும் இரு பிராசஸ்களுக்கு இடையே தகவலாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கோப்பை ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) வடிவில் சேமித்து, பிரதி எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். எழுத்து முழுவதும் 'கன்டென்ட் எக்ஸ்எம்எல்' என்ற கோப்பில் இருக்கும். பதித்த கணக்குத் தாள் 'ஆப்ஜெக்ட் 1' என்ற கோப்புறையில், தனக்கென்று ஒரு கன்டென்ட் கோப்போடு, கிட்டத்தட்ட முழுக் கால்க் ஆவணமாகவே கிடக்கும். பக்கத்தில் 'ஆப்ஜெக்ட் ரீப்ளேஸ்மென்ட்ஸ்' என்று இன்னொரு கோப்புறை. அதில் அந்தத் தாள் கடைசியாக எப்படித் தெரிந்ததோ அதன் படம். கால்க் இல்லாத கணினியில் திறந்தால் அந்தப் படத்தைக் காட்டிவிடலாம். பார்க்கலாம், அச்சடிக்கலாம், திருத்த முடியாது. ஒரு பகுதி இல்லாமல் போகலாம் என்று இந்தக் கோப்பு வடிவத்தை வகுத்தவர்கள் முன்கூட்டியே யோசித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இந்த வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது.

பிரிக்கச் சொல்கிறவர்கள் பக்கமும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. ஒரே பிராசஸ் என்பதால், பெரிய கணக்குத் தாள் ஒன்று சிக்கி நின்றுவிட்டால் திறந்திருக்கும் எல்லா ஆவணமும் சேர்ந்தே விழும். கொடைக் காலத்தில் வாசலில் ஆள் காத்து நிற்கும்போது அப்படி ஆனால் அந்த வேதனையைச் சொல்லி மாளாது. தானியங்கி மீட்பு கொஞ்சம் காப்பாற்றும், முழுவதும் காப்பாற்றாது. ஆனால் இதற்கு மருந்து ரைட்டரையும் கால்க்கையும் பிரிப்பதில் இல்லை. பிரித்தாலும் நான்கு நோட்டீஸ் ஒரே ரைட்டரில் திறந்திருந்தால் நான்கும் சேர்ந்துதான் விழும். வெட்ட வேண்டிய கோடு நிரல்களுக்கு இடையில் இல்லை, ஆவணங்களுக்கு இடையில் இருக்கிறது.

லிப்ரே ஆபீஸை உலாவிக்குள் கொண்டுவரும் கொலாபரா ஆன்லைன் சர்வரில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். முதலில் தாய் பிராசஸ் ஒன்று பொதுத்தளத்தையும் தேவையான லைப்ரரிகளையும் ஏற்றி வைத்துக்கொள்ளும். யாராவது ஓர் ஆவணத்தைத் திறந்தால், லினக்ஸின் 'ஃபோர்க்' வசதியால் தன்னைப்போலவே ஒரு சேயை உருவாக்கி அதனிடம் ஆவணத்தைக் கொடுக்கும். சேய் பிறக்கும்போது தாயின் நினைவகப் பக்கங்களை நகலெடுப்பதில்லை, அதையே பகிர்ந்துகொள்ளும். எந்தப் பக்கத்தில் சேய் எழுதுகிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் அப்போது தனி நகல் உருவாகும். அதனால் ஆவணத்துக்கு ஒரு பிராசஸ் இருந்தும் பொதுத்தளம் நினைவகத்தில் பலமுறை ஏறுவதில்லை. ஒன்று விழுந்தால் அது மட்டும்தான் விழும். மேசைக் கணினியில் இதை அப்படியே கொண்டுவரச் சிக்கல் இருக்கிறது. விண்டோஸின் வழக்கமான நிரலிடைமுகத்தில் ஃபோர்க் கிடையாது. சேய் ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றியாக வேண்டும்.

அதுவரை கடைக்காரர் செய்யக்கூடியது என்ன? உபுண்டு, டெபியன் பயன்படுத்துகிறவர்கள் ரைட்டர் பொதியை (பேக்கேஜ்) மட்டும் நிறுவலாம். அது கேட்கும் பொதுத்தளப் பொதியும் கூடவே வரும், பெரும்பாலான எடை அதில்தான். விண்டோஸில் கஸ்டம் நிறுவலைத் தேர்ந்து வேண்டாத மொழிகளையும் அகராதிகளையும் நீக்கிவிடலாம். அப்புறம், சட்டென்று விழுந்துவிடும் என்று பயமுள்ள பெரிய கணக்குத் தாளுக்கு மட்டும் வேறொரு சுயவிவரக் கோப்புறையைக் குறிப்பிட்டுக் கால்க்கைத் தொடங்கும் குறுக்குவழி ஐகான் ஒன்றைச் செய்துகொள்ளலாம். சுயவிவரம் வேறு என்பதால் அது தனி பிராசஸாகவே ஓடும்; அது விழுந்தாலும் நோட்டீஸ் நிற்கும். அதற்கு விலையும் உண்டு. நீங்கள் சேர்த்த நீட்சிகள், தன்திருத்தப் பட்டியல், சொந்த அகராதிச் சொற்கள் எல்லாவற்றையும் அந்தச் சுயவிவரத்திலும் இன்னொரு முறை சேர்க்க வேண்டும்.